ஏழு பொருள்கள் காணாமற்போனது குறித்துச் சம்பந்திக்கு

மே 6, புதன்கிழமை, காலை 9.10

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நான், பற்கள் நீங்கலாக, நலம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் தங்கள் பொம்மைக் கடையும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இப்போது தங்கள் கைதானே ஓங்கியிருக்கிறது. "பற்கள் நீங்கலாக" என்று ஏன் எழுதினேன் என்று தாங்கள் வியப்பது போல நடிக்கக்கூடும். மே 3, ஞாயிற்றுக்கிழமை மாலை 4.35க்கு இதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட முயன்றேன். நான் மூன்று வாக்கியங்கள் பேசினேன். தாங்கள், "யாருங்க அது? வெறும் காத்துதான் வருது. ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பல்செட்டு இல்லாதவன் பேசினால் காற்றுதான் வரும். அந்தக் காற்று யாருடையது என்று தெரிந்தே தாங்கள் வைத்தீர்களா, தெரியாமல் வைத்தீர்களா என்பது இன்றுவரை தீராத ஐயம். எனவே எழுத்து மூலமாகக் கேட்கிறேன். எழுத்துக்குப் பல் தேவையில்லை.

தங்களுக்குத் தெரிந்தவற்றையே சில இடங்களில் திரும்ப எழுத நேரும். பதிவுக்காக எழுதுகிறேன், பொறுத்தருள்க. ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள், அதாவது தங்கள் மருமகள், என்னை அழைத்தாள். அவளுக்கும் தங்கள் புதல்வரான என் மாப்பிள்ளைக்கும் மே மாதம் முழுவதும் அலுவலகப் பயிற்சி இருப்பதால், நான்கு வயது ஏழு மாதம் நிரம்பிய நம் பேத்தியை மே 3 முதல் மே 31 வரை, ஆக இருபத்தொன்பது நாட்கள், யாரிடமாவது விட வேண்டியிருந்தது. யாரிடமாவது என்றால் என்னிடமா, தங்களிடமா என்பதே கேள்வி. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அப்பா, நீங்க பாலை அடுப்புல வச்சுட்டு நடக்கப் போயிட்டீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எனக்குப் போன் பண்ணினாங்க. எனக்கு பயமா இருக்குப்பா. ஆறு நாள் எங்ககூட கடற்கரைக்கு வாங்க. அந்த ஆறு நாளும் எதையும் மறக்காம, எதையும் தொலைக்காம இருந்துட்டீங்கன்னா, லீவு முடியற வரைக்கும் அவ உங்ககிட்டதான்." பால் பொங்கியது மார்ச் 11, புதன்கிழமை. என் மனைவி காலமான இந்த ஒன்பது ஆண்டுகளில் அது ஒரே ஒரு முறை நடந்தது. ஆயினும் நான் வாதாடவில்லை. இருபத்தொன்பது நாட்களுக்காக ஆறு நாள் பரீட்சை எழுதச் சம்மதித்தேன். எதையும் தொலைக்காமல் இருக்க வேண்டுமாம்! பேருந்து நிலையத்தின் காணாமற்போன பொருள்கள் அலுவலகத்தில் முப்பத்தோராண்டு நான்கு மாதம், ஊரார் தொலைத்ததையெல்லாம் கண்டெடுத்து, அட்டை கட்டி, உரியவரிடம் ஒப்படைத்த என்னிடம்! சிரித்தேன். அன்று எனக்குப் பல் இருந்தது.

இனிப் பயணம். ஏப்ரல் 27, திங்கட்கிழமை காலை 6.40க்கு ரயில். பெண், மாப்பிள்ளை, நான், குண்டூசி. நம் பேத்தியை நான் குண்டூசி என்று அழைப்பதும், அதற்குத் தாங்கள் முகம் சுளிப்பதும் வழக்கமே. ஆனால் மெலிந்தும் கூர்மையாகவும் இருக்கும் குழந்தையைப் பார்த்து "மத்தாப்பூ", "மயில்குட்டி" என்றெல்லாம் கடைப் பொம்மைக்கு வைப்பது போல் பெயர் வைக்க எனக்கு வராது. நிலையத்தில் கூட்டம் அதிகம். ஆகவே அவள் சட்டையில், பெயர், தேதி, தொடர்பு எண் எழுதிய பழுப்பு அட்டை ஒன்றை நூலால் கட்டினேன். என் மகள் அதை அவிழ்த்துக்கொண்டே, "அப்பா, அவ பெட்டி இல்லப்பா" என்றாள். பெட்டியைவிடக் குழந்தை எளிதில் தொலையும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் குழந்தைக்கோ அட்டை பிடித்துப்போய்விட்டது. தங்கள் கடையிலிருந்து தாங்கள் பரிசளித்த, யானைப் படம் போட்ட சிவப்புப் பை அவள் மடியில் இருந்தது. அதற்குள் தாங்கள் வாங்கிக் கொடுத்த பொம்மைகள் பன்னிரண்டு. ரயில் புறப்பட்டு அரை மணி நேரத்தில் பன்னிரண்டும் அவளுக்குச் சலித்துவிட்டன என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். "தாத்தா, உன் ஆபீஸ்ல என்ன வேலை?" என்றாள். நான் சொல்லத் தொடங்கினேன். நாலே முக்கால் மணி நேரப் பயணத்தில் அவள் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. தாங்கள் விற்கும் பொம்மைகளுக்கு இந்தப் பெருமை உண்டா என்று தங்கள் மனசாட்சியையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த விதிகள் எங்கள் அலுவலகத்தில் நாங்கள் உயிர்போல் காத்தவை. கிடைத்த பொருளுக்கு அன்றே அட்டை கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். பொருள் நம்மிடம் இருக்கிறது என்று ஊழியர் ஒருபோதும் வாய் திறந்து சொல்லக்கூடாது. சொன்னால் கண்டவனெல்லாம் "என்னுடையது" என்பான். கேட்டு வருபவரிடம் மூன்றே கேள்வி: எப்போது தொலைந்தது, என்ன நிறம், என்ன அடையாளம். மூன்றும் பொருந்தினால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். ஒன்று பிசகினாலும், வந்தவர் அமைச்சரே ஆனாலும், "பொருந்தல. நாளைக்கு வாங்க." ஒரே நபரை ஒரு நாளில் ஒரு பொருளுக்கு ஒரு முறைக்கு மேல் விசாரிக்கக்கூடாது. உரிமையாளர் நேரில்தான் வர வேண்டும். தபாலில் அனுப்புவது கிடையாது. குண்டூசி எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். என்னிடம் எப்போதும் இருக்கும் பழுப்பு அட்டைக் கட்டிலிருந்து பத்து அட்டைகளை எண்ணி அவளிடம் கொடுத்தேன். இன்னும் எழுதத் தெரியாததால் படம் வரைந்து பழகட்டும் என்று நினைத்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ரயிலில் நானும் அவளும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தோம் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகுதான் எல்லாம் கெட்டது.

விடுதி தாங்கள் பரிந்துரைத்தது. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். 11.50க்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மேலாளர் எழுந்து நின்று, "பொம்மைக் கடைக்காரரோட சம்பந்தியா நீங்க? வாங்க வாங்க! அவர் எல்லாம் சொல்லியிருக்காரே" என்றார். எல்லாம் என்றால் என்ன? பால் பொங்கியதுமா? பரீட்சை நடப்பதுமா? கேட்டேன். "எல்லாம்னா எல்லாம்தாங்க" என்று சிரித்தார். இரண்டாம் மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் பெண்ணும் மாப்பிள்ளையும், மற்றதில் நானும் குழந்தையும். கடலைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே ஒரு மேசை, இரண்டு கட்டில், கதவுக்குப் பின்னால் துணி மாட்டும் கொக்கிகள் ஆறு. மேசைமேல் என் அலாரம் கடிகாரத்தை வைத்து, 3.00 மணிக்குப் படுத்து, 4.00 மணிக்கு எழுந்தேன். கடிகாரம் இல்லை.

முதலில் யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சையின் முதல் நாள் அல்லவா. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்த குண்டூசி, "தாத்தா, என்ன தேடற?" என்றாள். "கடிகாரத்தைக் காணோம்டா கண்ணு." உடனே அவள் முகம் அலுவலக முகமாக மாறியது. "எப்ப தொலைஞ்சுது?" "இன்னைக்கு, ஏப்ரல் 27, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல." "சரி. என்ன நிறம்?" "கறுப்பு." அவள் சற்று யோசித்துவிட்டுத் தலையை அசைத்தாள். "பொருந்தல. நாளைக்கு வாங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது, சம்பந்தி. காலையில் சொல்லிக்கொடுத்தது மாலையில் அப்படியே வருகிறது! வழக்கமாக "வா, போ" என்று பேசுபவள், அலுவலகம் என்றதும் "வாங்க" என்கிறாள்! கடிகாரம் போன துக்கத்தையே மறந்துவிட்டேன்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. செவ்வாய், ஏப்ரல் 28 காலை 7.15க்கு என் கண்ணாடிக் கூடு போயிற்று. அன்றே மாலை, கடலில் கால் நனைத்துத் திரும்பிய பின் 5.50க்கு, அறை வாசலில் விட்ட என் செருப்புகளில் இடது கால் செருப்பு மட்டும் போயிற்று. அறைகளைக் கூட்டித் துடைக்கும் அம்மாளை நான் விசாரித்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் சொன்னது: "ஏங்க, ஒத்தைச் செருப்பை எடுத்துட்டுப் போய் நான் என்ன பண்ணப் போறேன்? எடுக்கறதுன்னா ரெண்டையும் எடுத்திருக்க மாட்டேனா?" இது மறுப்பு அல்ல, ஒரு வகை ஒப்புதல் என்று குறித்துக்கொண்டேன். ஆனால் சிந்தித்துப் பார்த்தால் அந்த அம்மாள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. திருடன் இரண்டு செருப்பையும் எடுப்பான். ஒற்றைச் செருப்பை எடுப்பவன், செருப்பை விரும்பவில்லை. ஒற்றைச் செருப்போடு நிற்கும் கிழவனைத்தான் விரும்புகிறான். அதை என் மகள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறான். அப்படி விரும்பக்கூடியவர் யார்? மே மாதத்து இருபத்தொன்பது நாட்கள் யாருக்கு வேண்டும்? யார் இந்த விடுதியைப் பரிந்துரைத்தது? யாருடைய நண்பர் கீழே மேலாளராக அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்? நான் பெயர் சொல்லவில்லை.

புதன், ஏப்ரல் 29 முதல் எதிர் அறைக்குத் தொப்பிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். தனி ஆள். கழுத்தில் தொலைநோக்கி. கையில் ஒரு சிறு நோட்டு. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதையோ பார்ப்பதும் நேரத்தோடு எழுதுவதுமாக இருந்தார். நான் 8.05க்கு வெளியே வந்தேன், எழுதினார். 8.20க்கு ஒற்றைச் செருப்போடு திரும்பினேன், எழுதினார். அன்று காலை 10.00க்கும் 10.30க்கும் இடையே என் பிளாஸ்கின் மூடி போயிற்று. பொறுத்தது போதும் என்று நேரே அவரிடம் போய், ஆள் தடுமாறட்டும் என்பதற்காகத் திடீரென்று, "சம்பந்தி எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். அவர் தொலைநோக்கியை இறக்கிவிட்டு, "யாரோட சம்பந்தி?" என்றார். "என்னோட சம்பந்தி." "உங்க சம்பந்தியை எனக்கு எப்படித் தெரியும்?" "அதைத்தான் நானும் கேக்கறேன். எப்படித் தெரியும்?" அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பெரியவரே, நான் பறவை பாக்கறேன்" என்றார். தேர்ந்த ஒற்றன் வேறென்ன சொல்வான்? நோட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினார். பறவைப் பெயர்களும் நேரமும் இருந்தன. 8.20க்கு "ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு" என்று எழுதியிருந்தது. அது கொக்குதானா என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

இதற்குள் வீட்டார் பார்வை மாறிவிட்டது. மாப்பிள்ளை தங்க மனிதர், தங்கள் பிள்ளை என்பதைத் தவிர அவரிடம் குறையில்லை. அவரே, "மாமா, இங்க பாருங்க, செருப்பு புதுசு வாங்கிக்கலாம், விடுங்க" என்று குழந்தையிடம் பேசுவது போல என்னிடம் பேசத் தொடங்கினார். வியாழன், ஏப்ரல் 30 காலை டார்ச் விளக்கு போயிற்று. வெள்ளி, மே 1 மதியம் சீப்பு போயிற்று. தலையில் எஞ்சியிருக்கும் முடிக்குச் சீப்பு எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். பரீட்சைக்கு அது ஆறாவது பொருள். அன்று மாலை என் மகள் பால்கனியில் நின்று தன் கணவரிடம் தணிந்த குரலில், "அப்பாவுக்கு நிஜமாவே மறதி வந்துடுச்சுங்க. கடிகாரத்தை எங்க வச்சோம்னுகூடத் தெரியல. இவரை நம்பி எப்படிங்க குழந்தையை விடறது?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். சம்பந்தி, ஒளிக்காமல் எழுதுகிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கே பயம் வந்தது. நான்தான் எங்கேயோ வைத்துவிட்டு மறக்கிறேனோ? மறுகணமே ஏப்ரல் 27 முதல் நடந்த அனைத்தையும் மணி, நிமிடத்தோடு மனத்தில் ஒப்பித்துப் பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. இவ்வளவு நினைவிருப்பவன் எப்படித் தொலைப்பான்? ஆகவே எடுத்தது வேறு ஆள். ஆகவே சதி.

நான் சும்மா இருக்கவில்லை. அலமாரி, கட்டில், மெத்தையின் அடிப்புறம், குளியலறைப் பரண், மாப்பிள்ளையின் பெட்டி, மகளின் கைப்பை, தொப்பிக்காரர் கீழே போயிருந்த நேரத்தில் அவர் நாற்காலியின் அடிப்பக்கம், எல்லாவற்றையும் சோதித்தேன். குழந்தையின் சிவப்புப் பையை மட்டும் தொடவில்லை. தாங்கள் கொடுத்த பொருள் எதையும் கையால் தொடுவதில்லை என்பது நான் திருமண நாளிலிருந்து கடைப்பிடித்துவரும் கொள்கை. அந்தப் பை நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே போனதையும் கவனித்தேன். தங்கள் பொம்மைகளின் தரம் அப்படி. கடல் காற்றுப் பட்டால் ஊதிவிடும் போலிருக்கிறது. அத்தனை துயரத்திலும் எனக்கு ஒரே ஆறுதல் குண்டூசிதான். தினமும் காலையில் கட்டில்மேல் தலையணையைக் குறுக்கே வைத்து அலுவலகம் திறந்துவிடுவாள். நானும் அவள் மனம் நோகாமல் வரிசையில் நின்று என் பொருள்களைக் கேட்பேன். கண்ணாடிக் கூடு? "நீலம்" என்றேன். "பொருந்தல." செருப்பு? நிறம் சரியாகச் சொன்னேன் போலும், தலையாட்டினாள். "என்ன அடையாளம்?" "ஒரு அடையாளமும் கிடையாது." "பொருந்தல. நாளைக்கு வாங்க." எவ்வளவு கண்டிப்பு! கொடுத்த அட்டைகள் பத்தில் மூன்றுதான் மிச்சம் இருந்தன. "ஏழு அட்டை எங்கடா?" என்று கேட்டதற்கு, "வேலைக்குப் போட்டாச்சு" என்றாள். படம் வரைந்து வீணடித்திருப்பாள். போகட்டும், குழந்தை.

ஏழு அட்டையைப் பற்றி நான் கேட்டது கடைசி நாளன்று. மே 2, சனிக்கிழமை. அதற்குத்தான் வருகிறேன். எழுதவே கை கூசுகிறது. காலை 5.50க்கு எழுந்தேன். ஜன்னலோரம் தண்ணீர் ஊற்றி வைத்த டம்ளர் இருந்தது. தண்ணீர் இருந்தது. பல்செட்டு இல்லை. சம்பந்தி, ஒரு மனிதன் செருப்பைத் தொலைக்கலாம், சீப்பைத் தொலைக்கலாம். பல்லைத் தொலைத்தவன் எந்த முகத்தோடு, எந்த வாயோடு "எனக்கு மறதி இல்லை" என்று வாதாடுவான்? வாதாடினேன். ரயில் நிலையத்தில், எட்டாம் எண் இருக்கைக்கு எதிரே நின்று, இது சதி, இதற்குப் பின்னால் ஒரு பொம்மை வியாபாரி இருக்கிறார் என்று ஏழு நிமிடம் பேசினேன். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா, நீங்க என்ன சொல்றீங்கன்னே புரியலப்பா. நான் கோவப்படலப்பா. கொஞ்ச நாள் ஓய்வெடுங்க. அவ அந்தத் தாத்தா வீட்டுல இருக்கட்டும்." முடிந்தது பரீட்சை. அங்கேயே மாப்பிள்ளை தங்களை அழைத்தார். தாங்கள் "தாராளமா அனுப்புப்பா" என்று சொன்னது இரண்டடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. எவ்வளவு தாராளம்! ஒரு வார்த்தை மறுப்பு உண்டா? எதிர்பார்த்துக் காத்திருந்தவர்தானே இப்படிச் சொல்வார்? என்னய்யா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, அறுபத்தெட்டு வயசுக்காரனைப் பார்த்தா உங்களுக்கு... மன்னிக்கவும். பேனா வழுக்கிவிட்டது. திருத்தி எழுதத் தாள் இல்லை.

தங்கள் ஊருக்குப் போகும் அவர்கள் ரயில் முதலில் வந்தது. குண்டூசி அந்தச் சிவப்புப் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பி வழியாக என்னைப் பார்த்து, சிரிக்காமல், மிகுந்த பொறுப்போடு, "தாத்தா, நாளைக்கு வாங்க" என்றாள். பாவம், தங்கள் ஊர் ஆறு மணி நேரத் தொலைவு என்பது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது. மே 3 முதல் கஞ்சி குடித்துக்கொண்டு, அவளுக்காக ஒழித்து வைத்த அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். என் ஏழு பொருள்களையும் எடுக்கச் செய்தது யார், எப்படி, யார் மூலம் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொப்பிக்காரருக்கும் தங்களுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவுபடுத்த வேண்டும். பல்செட்டை உடனடியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். அவற்றை என் மகளிடம் ஒப்புக்கொண்டு, மே 10, ஞாயிற்றுக்கிழமைக்குள் குழந்தையை என்னிடம் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே மூன்று நாட்கள் போய்விட்டன, இன்றோடு நான்கு. தங்களுக்கு ஒரு கடை நிறையப் பொம்மை இருக்கிறது. எனக்கு ஒரு கட்டு அட்டைதான். இந்த நிலையில் இப்படி ஒரு சூழ்ச்சியும் தேவைதானா என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். அவருக்கு இதில் பங்கில்லை என்றே நம்ப விரும்புகிறேன். குழந்தைக்கு என் ஆசிகள். நீண்ட ஆயுளும், நல்ல நினைவாற்றலும், தாத்தாக்களை இனம் காணும் அறிவும் அவளுக்கு வாய்க்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன்

பின்குறிப்பு: மே 7, வியாழக்கிழமை, காலை 10.40.

மேலே கண்ட அனைத்தையும் படிக்காததாகக் கருதிக்கொள்ள வேண்டுகிறேன். முடிந்தால் இந்தக் கடைசித் தாளை மட்டும் படியுங்கள். நேற்று மாலையே தபாலில் சேர்த்திருப்பேன். பசை காயவில்லை என்பதற்காக ஓர் இரவு வைத்தேன். அந்தப் பசைக்கு நான் கடமைப்பட்டவன்.

இன்று காலை 9.25க்குத் தாங்கள் அழைத்துப் பேசியது தங்களுக்கு நினைவிருக்கும்; ஆயினும் பதிவுக்காக எழுதுகிறேன். "சம்பந்தி, வச்சிடாதீங்க, நீங்க பேச வேண்டாம், 'ம்' மட்டும் போடுங்க. என் கடைச் சாவியைக் காணோம். முந்தாநாள்லேருந்து கடை பூட்டியே கிடக்கு. இவ சாப்பாட்டு மேசைக்கு அடியில ஆபீஸ் போட்டு உக்காந்திருக்கா. சாவி எங்கடா செல்லம்னா, என்ன நிறம்னு கேக்கறா. சாவி சாவி நிறத்துலதான் இருக்கும்னேன். பொருந்தல, நாளைக்கு வாங்கன்னுட்டா! நேத்து வெள்ளின்னேன். பொருந்தலையாம். துரு பிடிச்சிருக்காம். பையைத் தொட்டா ஊரையே கூட்டறா. நேத்து அவ தூங்கறப்ப என் வீட்டுக்காரி மெதுவா திறந்து பாத்தா. உள்ள கடிகாரம், செருப்பு, சீப்பு... பல்லு, சம்பந்தி! எல்லாத்துலயும் அட்டை கட்டியிருக்கு. சாவியை எடுக்கறதுக்குள்ள இவ முழிச்சுட்டா. கடிகார அட்டையில கடிகாரம் வரைஞ்சிருக்கா. பல் அட்டையில உங்களை வரைஞ்சிருக்கா." நான் "ம்" போட்டேன். "ஏன்டா தாத்தாகிட்ட குடுக்கலன்னு கேட்டா, அவர்தான் தப்புத் தப்பாச் சொல்றாருங்கறா. தேதி மட்டும் எப்பவும் சரியாச் சொல்றாராம். நிறம்தான் ஒண்ணும் தெரியலையாம். கடிகாரம் கரும்பச்சையாம். செருப்புக்கு அடியில ஐஸ்கிரீம் குச்சி ஒட்டியிருக்காம், அதைச் சொல்லலையாம். பல்லு வெள்ளைன்னீங்களாமே? மஞ்சளாம். உங்க பொண்ணுகிட்டச் சொன்னேன், அழுதுகிட்டே சிரிக்குது. பார்சல்ல அனுப்பட்டுமான்னா, தபால் கிடையாது, நேர்லதான் வரணுமாம். தினமும் காலையில வாசலைப் பாத்துட்டு, இன்னைக்கும் வரலையேங்கறா. தயவுசெஞ்சு கிளம்பி வாங்க சம்பந்தி. அந்த விதியெல்லாம் என்னன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க. கடையைத் திறக்கணும்."

நாளை, மே 8, வெள்ளிக்கிழமை காலை 6.15 ரயிலில் புறப்பட்டு நண்பகல் 12.15க்கு வந்து சேருகிறேன். இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன்; குண்டூசி அலுவலகம் திறக்கும் முன் படித்துவிடுங்கள். தங்கள் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில் எனக்கு இனி ஆட்சேபணை இல்லை. தொப்பிக்காரருக்குத் தனியே மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டேன். முகவரி தெரியாததால் விடுதி மேலாளர் பெயருக்கே அனுப்புகிறேன், பார்த்துச் சேர்த்துவிடுவார். அவர் நல்ல மனிதர். தங்கள் சாவிக்கு அட்டை கட்டியது போக அவளிடம் இரண்டு அட்டைகள் மீதம் இருக்க வேண்டும். ஒன்றை இந்தக் கடிதத்தில் கட்டிவிடச் சொல்லுங்கள். இதை உரிமை கோரி நான் வரமாட்டேன்.

தங்கள் சாவியைப் பொறுத்தவரை, துருப்பிடித்த பழுப்பு என்று நாளையே சொல்லி வாங்கிக்கொண்டு கடையைத் திறங்கள். என் பல்செட்டுக்கு நான் மஞ்சள் என்று சரியாகச் சொல்லிவிடுவேன். சம்பந்தியம்மாளின் சமையலைக் கஞ்சியாகக் கரைத்துக் குடிப்பது மரியாதையல்ல. அது போக ஆறு பொருள்கள். ஒரு நாளைக்கு ஒரு பொருளுக்கு ஒரு விசாரணைதான், பிசகினால் மறுநாள். மே 31 வரை எப்படியும் இழுத்துவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன். எனவே என் கடிகாரம் கறுப்பு. கண்ணாடிக் கூடு நீலம். செருப்புக்கு ஓர் அடையாளமும் கிடையாது. தயவுசெய்து யாரும் என்னைத் திருத்த வேண்டாம்.